உடுக்குறி

ராயப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே
எங்கள் டிடிபி கடை.
முதுகுப்பக்கம் ஜெராக்ஸ் மெஷின்,
தலைக்கு மேலே யார் யாரோ ஏறி இறங்கும் செருப்புச் சத்தம்.

கிருபாகரன் பென்டிரைவோடு வந்தார்.
'இலவசம்' என்பதைப் பெரிதாக்கச் சொன்னார்.
பெரிதாக்கினேன்.
இன்னும், என்றார்.
கடைசி 'ம்' லேபிளின் விளிம்பில் இடிக்கும்வரை இழுத்தேன்.
சிவப்பு கேட்டார், போட்டேன்.
பின்னால் மஞ்சளில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு வடிவம்.
ஓரத்தில் பச்சை இலை ஒன்று;
எந்தச் செடியின் இலை என்று
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கிளம்பும்போது, கதவருகில் திரும்பி,
அந்தச் சொல்லின் தோளில்
ஒரு சின்ன நட்சத்திரம் வைக்கச் சொன்னார்.
உடுக்குறி என்று பெயர் அதற்கு.
பள்ளிக்கூடத்தில் படித்தது,
பரீட்சைக்கு வரவில்லை.

அதன் ஜோடி நட்சத்திரம் குப்பியின் முதுகில்,
பார்கோடுக்கும் கீழே, நான்கு பாயிண்ட் எழுத்தில்:
*இது மருந்து அல்ல. எந்த நோயையும் தீர்க்க அல்ல.
முதல் குப்பிக்கு மட்டும். கூரியர் கட்டணம் தனி.
நிறுத்தச் சொல்லாதவரை மாதந்தோறும்
ரூ. 2,499 தானாகப் பெறப்படும்.

ஓர் இடத்தில் 'க்' விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன்.
யாராலும் படிக்க முடியாத எழுத்திலும்
பிழை இருக்கக் கூடாது,
அது என் தொழில்.

இரண்டு மாதம் கழித்து வியாசர்பாடியிலிருந்து
பவளம் அக்கா போன்.
"டேய் கோதண்டம், மூட்டுவலிக்கு ஒரு பாட்டிலு
ஃபிரீயா வந்துச்சுடா. சுகருக்கும் இதே போதுமாம்.
ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன்.
ஆனா பேங்க்குல துட்டு கொறையுது, இன்னான்னு தெரியல.
பின்னாடி பொடிப்பொடியா என்னவோ போட்டுக்கீது,
கண்ணாடி போட்டும் தெரியல."

என்ன நிறம் என்று கேட்டேன்.
சிவப்பு என்றாள்.
இலை இருக்கா?
இருக்கு.

சொல்ல ஆரம்பித்தேன்.
இது மருந்து அல்ல என்பதிலிருந்து
தானாகப் பெறப்படும் என்பது வரை,
முற்றுப்புள்ளி தவறாமல்.

அந்தப் பக்கம் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
"பாக்காமயே எப்படிடா படிக்கிற?" என்றாள்.

படிக்கட்டில் யாரோ இறங்கினார்கள்.

சப்வே பக்கத்தில் அக்காவின் இட்லிக் கடை.
இட்லி எட்டு ரூபாய்.
2,499 என்றால் முந்நூற்றுப் பன்னிரண்டு இட்லி,
மேலே மூன்று ரூபாய்.
சட்னிக்கு அவள் காசு வாங்குவதில்லை.
இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டால்
சும்மாதான் ஊற்றுவாள்,
அடுத்த மாதம் வீட்டுக்கு வந்து வசூலிப்பதில்லை.

நிறுத்தச் சொல்ல நாற்பது நிமிடம் பிடித்தது.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று
ஒரு பெண்குரல் முப்பது தடவை சொன்னது.
ஸ்டான்லியில் சுகர் முந்நூற்று நாற்பது.
டாக்டர் அக்காவைத் திட்டினார்.
என்னைத் திட்டியிருக்க வேண்டும்.
நான் பக்கத்தில்தான் பையோடு நின்றேன்.

குப்பியை அக்கா தூக்கிப் போடவில்லை.
கழுவிக் கடுகு கொட்டி வைத்திருக்கிறாள்.
"மூடி நல்லா டைட்டுடா" என்கிறாள்.
எண்ணெய்க் கை பட்டுப் பட்டு
'இலவசம்' பாதி அழிந்துவிட்டது,
நட்சத்திரம் மட்டும் அப்படியே.

நேற்று கிருபாகரன் திரும்ப வந்தார்.
இந்தத் தடவை முடிக்கு.
இலவசத்தைப் பெரிதாக்கினேன்.
வேண்டாம் என்று சொல்லவில்லை,
முதலாளி பக்கத்தில் இருந்தார், வாடகை பாக்கி இருந்தது.
பின்பக்கம் வந்ததும் நான்கை ஏழாக்கினேன்.

அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார்.
"இது ஏன் படிக்கிற மாதிரி இருக்கு?"

"ஸ்கிரீன்ல அப்படித்தான் தெரியும் சார்,
பிரிண்ட்ல சின்னதாயிடும்"
என்றேன்.